டோனர் சைடு

பைண்டர் அக்காவின் வயிற்றுக்கு அதுவரை யாரும் மரியாதை கொடுத்ததில்லை. அவளே கொடுத்ததில்லை. மகள் பிறந்த பிறகு அது ஒரு தொப்பையாக முன்னால் வந்து உட்கார்ந்தது. இருபத்தொரு வருடமாக எழுந்திருக்கவே இல்லை. பேப்பர் வெட்டும் மிஷினின் கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் மேஜை விளிம்பில் இடிக்கும். "தள்ளிப் போயேன்" என்று அதைத் திட்டுவாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

பெரிய அலுவலகம் ஒன்றுக்கு எதிரே, ஒரு கதவு அகலத்தில் அவர்களுடைய ஜெராக்ஸ் கடை. முன்னால் கணவரும் அவருடைய மிஷினும். அதற்குப் பின்னால், கை நீட்டினால் மிஷினைத் தொடும் தூரத்தில், அவளுடைய பைண்டிங் மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் வீடு. மகள் வெளியூரில் படிக்கிறாள். நாற்பத்தெட்டு வயதுக்காரியான அவளை, தலை நரைத்த பெரியவர்கள்கூடப் பைண்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கண்ணாலேயே அளப்பாள். ஒரு கட்டுத் தாளை வாங்கிய உடனே ஓரத்தைப் பார்ப்பாள். மார்ஜின் இல்லாமல் அச்சடித்துக்கொண்டு வந்தவன் அன்றைக்குத் தொலைந்தான். "பைண்டிங் பண்ணா புத்தகத்தோட முதுகு கொஞ்சம் எழுத்தைத் தின்னும். அது தின்னறதுக்கு இடம் விட வேண்டாமா? இவ்வளவு படிச்சிருக்கீங்க, இது தெரியலையா?" என்பாள். திட்டு வாங்கியவர்களே மறுபடியும் வருவார்கள். அவள் வெட்டிய புத்தகத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தவர்கள் வேறு கடைக்குப் போகமாட்டார்கள்.

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு இரண்டு டாக்டர்கள் வாய்த்தார்கள். உயரமானவர் கட்டியோடு மார்பை எடுப்பவர். குள்ளமான இளம்பெண், எடுத்த இடத்தில் புதிதாக ஒன்று செய்து வைப்பவர். வீட்டுக்கு வந்ததும் இவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டாள்: வெட்டுற டாக்டர், ஒட்டுற டாக்டர். ஒட்டுற டாக்டர் அவள் வயிற்றின் மேல் பேனாவால் ஒரு பெரிய கண் மாதிரி வரைந்து, "இந்தத் தோலையும் கொழுப்பையும் அப்படியே எடுத்து மேல வைக்கப்போறோம். உங்க சொந்தச் சதைங்கறதால உடம்பு வேணாம்னு சொல்லாது" என்றார்.

கூட வந்திருந்த தங்கைக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, தொப்பையும் போயிடும்."

"சும்மா கிடக்கறதுதானே, எடுத்துக்கோங்க" என்றாள் பைண்டர் அக்கா. ஏதோ பழைய பேப்பரை எடைக்குப் போடுகிற மாதிரி சொன்னாள். அதற்காகப் பின்னால் எத்தனையோ தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அறுவை நன்றாகவே முடிந்தது. நன்றாக என்றால், மேலே நன்றாக. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் கழுத்துக்குக் கீழே பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்கேன்" என்றாள். வயிற்றை ஒருவரும் கேட்கவில்லை. கொடுத்தவனை விட்டுவிட்டு வாங்கியவனைக் கொண்டாடுகிற உலகம்தானே இது.

அவளுக்கு எல்லாம் குழப்பமாக இருந்தது. குளிக்கும்போது குனிந்து பார்த்தால், மகளைச் சுமந்தபோது வயிற்றில் விழுந்த வெள்ளை வரிகள் இப்போது மார்பில் இருந்தன. இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தையல். தொப்புளைக் கழற்றி மறுபடியும் வைத்திருந்தார்கள். அது நடுவில் இல்லை, இடது பக்கம் அரை விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டு வருடம் மில்லிமீட்டரில் பிழைத்தவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. தொப்புளுக்குக் கீழே கிள்ளினால் தெரியவில்லை. அரித்த இடத்தைச் சொறிந்தால் அரிப்பு போகவில்லை, சொறிவதும் தெரியவில்லை. அது தன் வயிறுதானா, யாருடையதையாவது மாற்றிக் கட்டிவிட்டார்களா என்றே சந்தேகம் வந்தது.

பத்தாம் நாள் வெட்டுற டாக்டர் ஒரு தாளோடு வந்து, "மார்ஜின் சுத்தமா இருக்கு" என்றார். எடுத்த சதையின் ஓரத்தில் எங்கும் நோய் இல்லை, நோயைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்தே எடுத்தாகிவிட்டது என்று விளக்கினார். விளக்கமே வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு டாக்டர் சொன்னது அவளுக்கு நேராகப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களும் நம் கடைப் பேச்சைத்தான் பேசுகிறார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: 'பைண்டர் – ஆறு வாரம் தொடரவும்.'

மூன்று தடவை படித்தாள். சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில் தொழில் என்ற இடத்தில் பைண்டர் என்று எழுதியிருந்தது அவள்தான். வயிற்றில் சுற்றி ஒட்டிவிட்ட அகலமான பட்டையை வார்டில் எல்லாரும் பெல்ட் என்றுதான் சொன்னார்கள். அதற்கு பைண்டர் என்று இன்னொரு பெயர் இருக்கும் என்று அவள் எப்படிக் கண்டாள்?

"பாருங்க, வேலையைத் தொடரச் சொல்லியிருக்காங்க" என்று கணவரிடம் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அச்சில் வந்தது எதுவாக இருந்தாலும் அவருக்கு அது அரசாங்க உத்தரவு. "தொடரவும்னுதான் போட்டிருக்கு" என்றார்.

"கனம் தூக்கக் கூடாதுன்னாங்க. இழுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

மூன்றாம் வாரம் மேஜைக்குப் போய்விட்டாள். உட்கார்ந்தால் பெல்ட் சுருண்டு விலாவில் குத்தியது. கழற்றித் திரைக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். கைப்பிடியை இழுத்தபோது வயிறு இடிக்கவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

நாலாம் நாள் வீக்கத்தைப் பார்த்தாள்.

தொப்புளுக்குக் கீழே, இடது பக்கம். வலி இல்லை. பாதி நிரப்பிய தண்ணீர்ப் பை மாதிரி, அவள் இடது பக்கம் புரண்டு படுத்தால் ஒரு நொடி கழித்து அதுவும் புரண்டு வந்தது. மார்பில் வந்த கட்டியும் வலிக்கவில்லை, அதுதான் அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது.

அதன் பிறகு அவள் மனம் ஒரு கணக்குப் போட்டது. தப்பான கணக்குத்தான், ஆனால் அவளுக்கு அது சரியாக வந்தது. இங்கிருந்து சதை மேலே போனது. போன வழி ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அதே வழியாக நோய் கீழே இறங்கி வந்திருந்தால்? மேலே மார்ஜின் பார்த்தார்கள். கீழே யார் பார்த்தார்கள்?

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள். கணவருடைய தொளதொள சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். தங்கை போனில் கேட்டபோது "நல்லா இருக்கேன்" என்றாள். மகள் கேட்டபோது இன்னும் சத்தமாக "நல்லா இருக்கேன்" என்றாள். கடையில் ஆள் இல்லாதபோது திரைக்குப் பின்னால் போய்க் கண்ணாடி முன் சட்டையைத் தூக்கிப் பார்ப்பாள். நேற்றைவிடப் பெரிதா, சிறிதா? அளந்தே பழகிய கண்ணுக்கு அது மட்டும் பிடிபடவில்லை. இப்படிப் பத்து நாள் ஓடியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கும் தலை சுற்றும். ஆஸ்பத்திரியில், உடம்பில் எந்த இடத்திலிருந்து சதை எடுக்கிறார்களோ அந்த இடத்துக்கு டோனர் சைட் என்று பெயர். டோனர் என்றால் கொடுப்பவர். ஜெராக்ஸ் கடையில் டோனர் என்றால் மிஷினுக்குள் போடும் கறுப்பு மைப்பொடி. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் வேறு. நம் வாயில் இரண்டும் ஒன்று. கடையில் யாரும் சைட் என்று சொல்வதில்லை, சைடு என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆயிரம் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த கை அவளுடையது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் தொடர்பு எண் என்ற இடத்தில், கைப்பழக்கத்தில் கடை நம்பரையே எழுதியிருந்தாள்.

ஐந்தாம் வாரம் ஒரு முற்பகல். அவள் திரைக்குப் பின்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது கடை போன் அடித்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் எடுத்துக் கத்திப் பேசினார்.

"ஆமாங்க, வீட்டுக்காரர்தான் பேசறேன்... காய்ச்சலா? இல்லீங்க... சாப்பிடறா... மேல ஆறிடுச்சுன்னு சொன்னா."

யாரோ சொந்தக்காரர் நலம் விசாரிக்கிறார் என்று நினைத்தாள்.

"என்னது? டோனர் சைடா?" கணவரின் குரலில் தெம்பு வந்தது. பெண்டாட்டியின் உடம்பைப் பற்றிக் கேட்டால் தடுமாறுகிறவர், தனக்குத் தெரிந்ததை ஒருவர் கேட்டதில் நிமிர்ந்துவிட்டார். "அது பரவாயில்லீங்க. போன வாரம் கொஞ்சம் லீக் ஆச்சு... ரெண்டு மூணு ஸ்பூன் இருக்கும்... கலர்லாம் இல்லீங்க, கறுப்புதான்."

ஒரு நிமிடம் எதிர்ப்பக்கம் பேசியது.

"ஆமா, நல்ல கறுப்பு... நானேதான் தொடச்சேன். பழைய பனியன் வச்சு... வாடையா? அது சூடானா வர்ற வாடைதான். எங்களுக்குப் பழகிப்போச்சு."

"என்னங்க சொல்றீங்க, அவ்வளவு ஆபத்தா அது?" மிஷின் நின்றது. திரையை விலக்கிக்கொண்டு கணவர் வந்தார். பேயறைந்த மாதிரி இருந்தது முகம். அவள் சட்டையைச் சட்டென்று இறக்கிவிட்டாள்.

"கிளம்பு. ஆஸ்பத்திரியில இருந்து பேசினாங்க. இப்பவே கூட்டிட்டு வரச் சொல்றாங்க. ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாதாம்."

அவள் வயிற்றில் புளியைக் கரைத்தது. தோல் மரத்துப்போயிருந்தாலும் அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது? ஏதோ ரிப்போர்ட் வந்திருக்கும். அப்படியானால் அதுதான்.

கணவர் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டுபோய் மிஷின் மேல் போர்த்தினார். வாசலில் தாள்களோடு நின்ற இரண்டு பேரிடம், "இனிமே இங்க ஜெராக்ஸ் இல்லீங்க" என்றார். இன்றைக்கு இல்லை என்று சொல்லவில்லை, இனிமே என்றார். அவளுக்கு அது காதில் விழுந்தது. மனசில்தான் ஏறவில்லை.

வாடகை வண்டியில் பின் இருக்கையில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

"இப்பதான் தெரியும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா வெளியே கொண்டுபோய் வச்சிருக்க மாட்டேனா?"

"எதை?"

"மிஷினைத்தான்."

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் அழுதுகொண்டிருந்தார். மாமனார் இறந்தபோதுகூட இந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை.

"பதினெட்டு வருஷம்" என்றார். "உன் மூக்குக்கு நேரா வச்சுத்தானே அந்தப் பொடியைத் தட்டித் தட்டி மாத்தினேன். நீ தும்மினா சிரிப்பேன். நான்தான் உனக்கு இதைக் கொடுத்துட்டேன்."

பாவம், செய்தியைக் கேட்டு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அழாதீங்க. கீழ இறங்கினா இறங்கட்டும். பாத்துக்கலாம்."

"எது கீழ இறங்கிச்சு?" என்றார் அவர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டால் இன்னும் குழம்பும் என்று அவளுக்குப் பட்டது. மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி அறையில் ஒட்டுற டாக்டர் கையுறையோடு தயாராக நின்றார். போனில் பேசிய நர்ஸ் பக்கத்தில். அவளைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் தையலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"கறுப்பே இல்லையே. பனியனால எங்க சார் தொடச்சீங்க?"

"கடையிலதான்" என்றார் கணவர்.

"அது சரி. டோனர் சைட்ல எந்த இடம்?"

"இடது பக்கம். மூடியைத் திறந்தா உள்ள."

"மூடியா?"

டாக்டரும் கணவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். நர்ஸ்தான் மெதுவாகக் கேட்டாள், "சார், நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஜெராக்ஸ் கடை."

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. டாக்டருக்கு விளங்க இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. "சார், ரத்தம் கொடுக்கறவங்களை டோனர்னு சொல்வோம்ல, அது இது. இவங்க வயித்துல இருந்து எடுத்து மேல வச்சோம். அதனால வயிறுதான் டோனர்."

"அப்போ அந்தப் பொடியால இவளுக்கு வரலையா?"

"இல்ல சார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கணவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அதற்குச் சக்கரம் இருந்தது. சுவர்வரை உருண்டு போய் நின்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் டாக்டரின் கை இன்னும் அவள் வயிற்றிலேயே இருந்தது. ஒரு பக்கம் விரலால் தட்டினார், மறு பக்கம் அலை வந்து முட்டியது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"பத்து நாளா."

"ஏன் சொல்லல?"

அவள் கூரையைப் பார்த்தாள். கேட்டுவிட வேண்டியதுதான். "கீழ இறங்கிடுச்சா டாக்டர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. அவள் வழியைச் சொன்னாள், மார்ஜினைச் சொன்னாள், கீழே யாரும் பார்க்கவில்லை என்பதைச் சொன்னாள். டாக்டர் சிரிக்காமல் கடைசிவரை கேட்டார்.

"அப்படி ஒரு வழியே இல்லம்மா. சதையை மொத்தமா எடுத்து, ரத்தக்குழாயை வெட்டி, மேல இருக்கற குழாயோட சேத்துத் தச்சோம். கீழ எடுத்த இடத்துல தோலுக்கும் தசைக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். உடம்பு அதுல தண்ணியை நிரப்பிடுச்சு. இருங்க, கண்ணுலயே காட்டறேன்."

ஊசி உள்ளே போவதை அவள் பார்த்தாள். தெரியவே இல்லை. யாருடைய வயிற்றிலோ குத்துகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிக் குழாய்க்குள் தெளிந்த மஞ்சள் தண்ணீர் ஏறியது. நாலு குழாய். வீக்கம் அவள் கண்ணெதிரே படிந்து தட்டையானது.

"இவ்வளவுதான். வெறும் தண்ணி. நோய் இல்ல" என்றார் டாக்டர்.

அவள் வயிற்றில் பால் வார்த்தார் அந்தச் சின்னப்பெண். பைண்டர் அக்கா வாய்விட்டு அழுதாள். முக்காலியை உருட்டிக்கொண்டு கணவரும் பக்கத்தில் வந்துவிட்டார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "பைண்டர் எங்க?"

"நான்தான்" என்றாள் அவள்.

நர்ஸ் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

தாள் எடுத்துக் காட்டப்பட்டது. டாக்டர் அந்த வரியைப் படித்தார். படிவத்தில் தொழில் என்ற இடத்தையும் படித்தார். பேனாவால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெல்ட்டுன்னு எழுதியிருக்கணும். தப்பு எங்களோடது. ஆனா எல்லாம் சரியா செஞ்சவங்களுக்கும் இந்தத் தண்ணி கோக்கறது உண்டு. இன்னும் ரெண்டு மூணு தடவை எடுக்க வேண்டியிருக்கலாம். இடது பக்கம் தசை கொஞ்சம் தளர்ந்திருக்கு, அதனால வர்ற புடைப்பு போகுமா நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது." பேனாவை மூடிக்கொண்டே சொன்னார், "மேல அவ்வளவு நல்லா வந்திருந்துச்சா, நாங்க எல்லாரும் அதையே பாத்துட்டு இருந்துட்டோம்."

மிஷின் மேலிருந்த விரிப்பு அன்று மாலையே கட்டிலுக்குத் திரும்பியது. பெல்ட் ஆணியிலிருந்து இடுப்புக்கு வந்தது. தண்ணீர் இன்னும் மூன்று தடவை கோத்தது, எடுத்தார்கள், பிறகு நின்றது. புடைப்பு நிற்கத்தான் செய்தது, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. கைப்பிடியைக் கணவர் இழுத்தார், அவள் பக்கத்தில் நின்று திட்டினாள். அவர் வெட்டிய ஓரம் ஒன்றும் நேராக வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடை போன் அடித்தது. அதே நர்ஸ். கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் மிஷினுக்குப் போனது, பிறகு அவளிடம் வந்தது.

"ஒரு நிமிஷம். டோனர்கிட்டயே கொடுக்கறேன்" என்றார்.

ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார். பாதித் தாள்களோடு நின்ற வாடிக்கையாளரைக் கைகாட்டி உட்காரச் சொன்னார். கடை அமைதியானது.

"எப்படிக்கா இருக்கீங்க?" என்றாள் நர்ஸ்.

"நல்லா இருக்கேன்" என்று பைண்டர் அக்காவின் வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நின்றாள். இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்தாள். வயிற்றுக்குக் கை தெரியவில்லை. கைக்கு வயிறு தெரிந்தது.

"இல்லம்மா. மேல நல்லா இருக்கு. கீழ அப்படிச் சொல்ல முடியாது" என்றாள். கணவர் நகர்த்திக் கொடுத்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள். "நிறைய இருக்கு. எழுதிக்கிறியா? முதல்ல தொப்புள்ல இருந்து சொல்றேன்."